மரச்சாமான் கடைகளை மூடியது யார்?

சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்த நேரம். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். மதுரைப் பக்கத்துப் பிள்ளை. இந்த ஊருக்கு வந்து நான்கு வருடம்தான் ஆகிறது.

“ஐயா, ஊரில் வீட்டை விற்றபோது தாத்தாவோட கட்டிலை மட்டும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். இறக்கும்போது ஒரு கால் விட்டுப்போச்சு. சாலைக் கடைத்தெருவில் எங்கே கொடுத்தால் சரி பண்ணித் தருவாங்க? நீங்க அந்தத் தொழிலிலேயே இருந்தவர்னு சொன்னாங்க” என்று கேட்டார்.

ஆரியசாலையில் ஒரு மரச்சாமான் கடையில் 36 வருடம் கணக்கெழுதியவன் நான். அப்படியிருந்தும் அந்தப் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கடையின் பெயர்கூட என் வாயில் வரவில்லை. புதிதாக விற்கிற கடைகள் உண்டு. பழையதைக் கையில் வாங்கிப் பார்க்கிற கடை எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்: “பரவாயில்லை ஐயா. ஐக்கியாவும் ஆன்லைனும் வந்து எல்லாக் கடையையும் அழிச்சுட்டுது. நீங்க என்ன செய்வீங்க?”

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. அவர் சொன்னது உண்மையல்ல என்பது எனக்குத் தெரியும். எங்கள் கடையை ஐக்கியா மூடவில்லை. ஆன்லைனும் மூடவில்லை. மூடியது யார் என்பதை இந்த ஊர்த் தமிழர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்த அன்பர்களுக்காக முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர், கார்த்திகைத் திருநாள் ராமவர்மா மகாராஜாவின் திவானாக இருந்த ராஜா கேசவதாசன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அது. அன்று முதல் தென்பாண்டி நாட்டிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வண்டி கட்டிச் சரக்கு கொண்டுவந்தவர்களில் பலர் இங்கேயே தங்கி வியாபாரிகளானார்கள். அந்தக் கடைத்தெருவின் வாழ்க்கையைத் தமிழ்ச் சிறுகதைக்குள் கொண்டுவந்த ஆ. மாதவன் அவர்களும் அதே தெருவில் கடை வைத்திருந்தவர்தான். 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசு பெற்று, 2021 ஜனவரியில் மறைந்தார். அந்தத் தெருவின் ஒரு பகுதிதான் எங்கள் ஆரியசாலை. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து புறப்பட்டு வரும் தெய்வங்களில் வேளிமலை முருகன் அந்த நாட்களில் தங்குவது ஆரியசாலை அம்மன் கோயிலில்தான். வருடா வருடம் குமாரகோவிலிலிருந்து வந்து, இங்கே தங்கி, விழா முடிந்ததும் திரும்பிப் போகிறார். எங்கள் அப்பா சிரித்துக்கொண்டு சொல்வார்: “நம்மைப் போலத்தான் அவரும். ஆனால் அவருக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கு.”

அப்பா கோட்டாற்றிலிருந்து 1953ல் இங்கே ஓர் இரும்புக்கடைக்கு வேலைக்கு வந்தவர். வரும்போது இரண்டு ஊரும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் தேதி நாகர்கோவில் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. இருந்த இடத்தை விட்டு அசையாமலே அப்பா வெளிமாநிலத்துக்காரர் ஆகிவிட்டார். நம் வாசகர்களில் பல குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

1961ல் அவர் ஆரியசாலை மரச்சாமான் கடைக்கு மாறினார். நாகர்கோவிலைத் தலைமையாகக் கொண்டு மார்த்தாண்டம், திருவனந்தபுரம், கொல்லம், திருநெல்வேலி என்று கிளைகள் வைத்திருந்த நிறுவனம் அது. முதலாளி குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள் என்பதால் பெயர் வேண்டாம். அப்பாவுக்குத் தவணை வசூல் வேலை. 1978ல் அதே கிளைக்கு நான் கணக்குப்பிள்ளையாகப் போனேன்.

அந்தக் கடைக்கு மூன்று பாகங்கள் இருந்தன. முன்கட்டில் கட்டில், மேசை, நாற்காலி, சாய்வு நாற்காலி, அலமாரி எல்லாம் மெருகு போட்டு வைத்திருக்கும். வழிப்போக்கர் கண்ணுக்குத் தெரிவது அது மட்டுமே. பின்கட்டில் பட்டறை. ஆறு ஆசாரிமார், மெருகு போடுகிற இருவர், பிரம்பு பின்னுகிற ஒருவர். புனலூர்ப் பக்கத்து வனத்துறை டிப்போ ஏலத்தில் எடுத்த தேக்கும், வீட்டுத் தோட்டங்களில் வாங்கிய அயனியும் பலாவும் அறுத்து, காற்றோட்டமாக அடுக்கி வைத்திருக்கும். அறுத்த மரம் நன்றாக உலராமல் ஆசாரி உளி வைக்க மாட்டார். இடவப்பாதி மழையும் துலாவர்ஷமும் கொட்டுகிற இந்த ஊரில் ஈரமரத்தில் செய்த கதவு மறுவருடமே கோணிக்கொள்ளும்.

மூன்றாவது பாகம் என் மேசைமேல் இருந்தது. அதுதான் தவணைப் பேரேடு. கால் பங்கு முன்பணம், மிச்சம் பத்து மாதத் தவணை. ஜாமீன் என்று தாளில் எதுவும் கிடையாது. “இவர் யார் சொல்லி வந்தார்?” என்பதுதான் எங்கள் கேள்வி. வலியசாலையில் குடியிருக்கிற இன்னார் சொன்னார் என்றால் போதும். கரமனையில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ரேஷன் கார்டு இல்லாமல், வங்கியில் கணக்கு இல்லாமல், முதல் மாதச் சம்பளம் இன்னும் கைக்கு வராமல் இருக்கிற தமிழ்க் குடும்பத்துக்கு இந்த ஊரில் முதன்முதலில் நம்பிக் கொடுத்தவர்கள் மளிகைக் கடைக்காரரும் எங்கள் கடையும்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள் கட்டிலில் படுக்கிற நாளில்தான் இந்த ஊர் அவர்களுக்குச் சொந்த ஊராயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அப்பாவின் வசூல் நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் குறிப்புகள் இருக்கும். “மகள் பிரசவம், அடுத்த மாதம்.” “கட்டில் சட்டம் விரிந்திருக்கிறது, ஆசாரியை அனுப்ப.” “மருமகளுக்கு வேலை கிடைத்தது, அலமாரி கேட்கிறாள்.” ஒரே நடையில் பாக்கியும் வசூலாகும், பழுதும் தெரியும், அடுத்த வியாபாரமும் வரும். போகிற வழியில் ஒரு வீட்டுக் கல்யாணச் செய்தியை இன்னொரு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருவார். “அண்ணாச்சி வந்தாச்சா? காப்பி குடிச்சிட்டுப் போங்க” என்ற குரலைக் கேட்காமல் அவர் எந்தத் தெருவையும் தாண்டியதில்லை.

இதெல்லாம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. தவணை விலைக்கும் ரொக்க விலைக்கும் வித்தியாசம் இருந்தது. வட்டி என்ற சொல்லை நாங்கள் எழுதவில்லையே தவிர வாங்காமல் இல்லை. ஆசாரிமாருக்குக் கூலி குறைவு. சங்கடம் என்று வந்து நின்றால் முன்பணம் கொடுத்து அவர்களைக் கட்டிப்போட்டதும் உண்டு. ஒருமுறை, வேலை போன ஒருவர் வீட்டிலிருந்து மூன்று தவணை பாக்கிக்காகத் தொட்டிற்கட்டிலைத் திருப்பி எடுத்துவரச் சொல்லி அப்பாவுக்கு உத்தரவு வந்தது. குழந்தையைத் தரையில் கிடத்திவிட்டு அந்த அம்மா கட்டிலைத் துடைத்துக் கொடுத்தார்களாம். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. நம்பிக்கை என்பதற்கு இப்படியும் ஒரு மறுபக்கம் இருந்தது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் கடை விற்றது மரத்தை அல்ல. மரம் எந்த டிப்போவிலும் கிடைக்கும். கடனும் பழுதுபார்ப்பும்தான் எங்கள் சரக்கு. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். சென்னையில் வி.ஜி. பன்னீர்தாஸ் சகோதரர்கள் வளர்ந்தது தவணை முறையால். அவர்களிடம் விற்பனையாளராக இருந்த எச். வசந்தகுமார் 1978ல் தனிக்கடை போட்டு வளர்ந்ததும் அதே வழியில்தான். இரு குடும்பத்தாரும் தென்கோடித் தமிழர்கள். சம்பளக்காரன் மாதக் கடைசியில் என்ன பாடுபடுவான் என்பதை அறிந்தவர்கள். பின்னாளில் தொலைக்காட்சியும் குளிர்ப்பெட்டியும் அவர்கள் கடைகளின் முகமாகிவிட்டன. மரத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் பாடு வேறாயிற்று.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

1990களில் முதலில் வந்தது பிளாஸ்டிக் நாற்காலி. ஒரே அச்சில் வார்க்கிற அந்த வகை நாற்காலிக்கு முன்னோடியை 1972ல் ஹென்றி மசோனே என்பவர் பிரான்சில் கொண்டுவந்தார். இருபது வருடத்தில் அது நம் ஊர்க் கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், கழுவலாம், ஒரு கையால் தூக்கலாம். அதனோடு போட்டி போட எங்களால் முடியாது, போடவும் வேண்டியதில்லை. ஆனால் எங்கள் பிரம்பு நாற்காலி விற்பனை விழுந்தது. இரும்புப் பீரோ ஏற்கெனவே மர அலமாரியின் இடத்தைப் பாதி பிடித்திருந்தது. தேக்கின் விலையோ ஏலத்துக்கு ஏலம் ஏறிற்று.

1998ல் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். படித்த பிள்ளை. என்னைக் கூப்பிட்டு, “எங்கே பணம் ஒழுகுது, பார்த்துச் சொல்லுங்க” என்றார். நான் மூன்று வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விடை பளிச்சென்று தெரிந்தது. பட்டறையில் ஒன்பது பேருக்குச் சம்பளம். அவர்கள் நேரத்தில் பாதி பழைய சாமான் பழுதுபார்ப்பதிலேயே போகிறது. அதில் வருகிற வரவு பசைக்கும் ஆணிக்கும் காணாது. தவணைப் பேரேட்டில் வராத பாக்கி, வசூல்காரர் சம்பளம், முடங்கிக் கிடக்கிற முதல். மூன்றையும் கூட்டி சிவப்பு மையில் எழுதிக் காட்டினேன். “பட்டறையை மூடிவிடலாம். செய்து முடித்த சாமானை வெளியிலிருந்து வாங்கி விற்கலாம். தவணையைக் கடன் கம்பெனியிடம் விட்டுவிடலாம்” என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

கணக்கில் பிழை இல்லை. இன்று எடுத்துப் பார்த்தாலும் கூட்டல் சரியாகவே இருக்கும். பேரேட்டில் எழுதப்படாத ஒன்றைத்தான் நான் கூட்டவில்லை. பழுதுபார்க்க வந்தவர்கள் போகும்போது புதிதாக எதை வாங்கிப் போனார்கள் என்பதைப் பழுது கணக்கில் யாரும் எழுதுவதில்லை. அது விற்பனைக் கணக்கில் போய்விடும். அப்பாவின் நோட்டுக் குறிப்புகளுக்கு ஐந்தொகையில் இடமே கிடையாது.

2000ஆம் ஆண்டுக்குள் பின்கட்டைக் காலி செய்து கிடங்காக்கினோம். ஆசாரிமாருக்குக் கணக்குத் தீர்த்தோம். 2001 ஏப்ரலில் இந்தியாவில் மிச்சமிருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. மலேசியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் கண்டெய்னரில் சோபாவும் சாப்பாட்டு மேசையும் வரலாயின. பார்க்க மிக அழகு. மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்தின பலகை, அதன்மேல் மரத்தின் படம் அச்சிட்ட தாள். ஒருமுறை பூட்டிய திருகாணியைக் கழற்றி மறுபடி பூட்டினால் பிடிக்காது. ஈரம் ஏறினால் ஓரம் உப்பும். வாடகை வீடு இரண்டுமுறை மாறிய குடும்பங்கள் புகாரோடு வந்தார்கள். பார்க்க எங்களிடம் ஆள் இல்லை. “கம்பெனிக்கு எழுதுகிறோம்” என்று நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்!

தவணைக்குக் கடையின் முன்மேசையில் கடன் கம்பெனியின் பையன் உட்கார்ந்தான். “வட்டியில்லாத் தவணை” என்று பலகை. அதன் சூட்சுமம் எளிது. 20,000 ரூபாய்ச் சாமான் என்று வைத்துக்கொள்வோம். கடன் கம்பெனி கடைக்கு 18,500 கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் 20,000 வாங்கிக்கொள்ளும். வட்டி எங்கும் போகவில்லை. கடையின் லாபத்துக்குள் ஒளிந்துகொண்டது. பிறகு கடைக்காரர் அதை விலையில் ஏற்றினார். சைபர் சதவீத வட்டி என்று ஒன்று உலகில் கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதிற்று.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. வாடிக்கையாளர் இனி எங்கள் மனிதர் அல்ல. கடன் கம்பெனியின் மனிதர். மாதாமாதம் அவர் வீட்டு வாசலில் நிற்க எங்களுக்குக் காரணமில்லை. அவரும் எங்கள் கடை வாசலுக்கு வரக் காரணமில்லை. கடனும் பழுதுபார்ப்பும் போன பிறகு மிஞ்சியது விளக்குப் போட்ட ஒரு முன்கட்டு. அதைவிடப் பெரிய முன்கட்டை, வண்டி நிறுத்த இடத்தோடு, பைபாஸ் ஓரத்தில் யாரும் கட்டலாம், கட்டினார்கள். டெக்னோபார்க் 1990ல் தொடங்கிய பிறகு சம்பளக்காரக் குடும்பங்கள் மெல்ல மெல்ல வடக்கே கழக்கூட்டம், ஸ்ரீகாரியம் பக்கம் குடியேறின. ஒரு சோபா பார்க்க யார் ஆரியசாலை நெரிசலுக்குள் காரைக் கொண்டுவருவார்கள்?

பிறகு 2016 நவம்பரில் ரூபாய் நோட்டு செல்லாமற்போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. மரச்சாமானுக்கு முதலில் 28 சதவீதம், அந்த நவம்பரில் 18 ஆயிற்று. இவையும் அடிதான். ஆனால் நோயாளி ஏற்கெனவே படுக்கையில் இருந்தார். கொல்லம் கிளை 2009லும், திருநெல்வேலி கிளை 2013லும் மூடியாயிற்று. நான் 2014ல் ஓய்வு பெற்றேன். ஆரியசாலைக் கடையின் ஷட்டர் 2019 மார்ச்சில் இறங்கியது. கடைசி நாளில் போய் நின்றேன். என் பழைய மேசையை ஒருவர் எடைக்கு வாங்கிப் போனார்.

அந்த மதுரைப் பிள்ளைக்கு நான் சொல்ல விரும்பும் கணக்கு இதுதான். ஐக்கியா இந்தியாவில் முதல் கடையைத் திறந்தது 2018 ஆகஸ்டில், ஹைதராபாத்தில். எங்கள் ஷட்டர் இறங்கும்போது இந்தியா முழுவதிலும் அவர்களுக்கு அந்த ஒரே கடைதான். பெங்களூருக்கு வந்தது 2022 ஜூனில். கொல்லம் கிளை மூடிய 2009லோ, இன்று பேர்பெற்ற பெப்பர்ஃப்ரையும் அர்பன் லேடரும் பிறக்கவே இல்லை. இரண்டும் 2012ல் வந்தவை. அர்பன் லேடரும் தனித்து நிற்கவில்லை. 2020 நவம்பரில் ரிலையன்ஸ் அதன் பெரும்பங்கை ஏறத்தாழ 182 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. நம்மைக் கொன்றதாகச் சொல்லப்படுகிறவர்களில் ஒருவரே தள்ளாடினார் என்றால், கொலையாளியை வேறெங்கோ தேட வேண்டும் அல்லவா?

இது ஆரியசாலையின் தனிக்கதையும் அல்ல. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 1904ல் தொடங்கிய பாட்காக் என்ற மரச்சாமான் கடைத்தொடர், நூறு வருடத்துக்கு மேல் தன் சொந்தப் பேரேட்டிலேயே சாதாரணக் குடும்பங்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்தது. 2021 நவம்பரில் ஒரு முதலீட்டு நிறுவனம் அதை வாங்கிற்று. வாங்கிய அடுத்த மாதமே வாடிக்கையாளர் கடன் பாக்கி முழுவதையும் 40 கோடி டாலருக்கு இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது. கையில் ரொக்கம் வந்தது, பேரேடு போயிற்று. 2023 டிசம்பரில் கடைகள் கான்ஸ் என்ற வேறொரு தொடரிடம் கைமாறின. 2024 ஜூலையில் கான்ஸ் திவாலாகி எல்லாக் கிளைகளையும் மூடியது. இதைப் படித்தபோது 1998ல் நான் எழுதிக் கொடுத்த தாள்தான் என் கண்முன் வந்தது. அங்கே அதை எழுதியவர் பெரிய படிப்புப் படித்தவராக இருப்பார். எழுதியது ஒன்றுதான்.

பேரேடு வைத்திருந்தால் மட்டும் கடை பிழைத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 1850ல் இங்கிலாந்தில் கேன்டர்பரி நகரில் தொடங்கிய கோர்ட்ஸ், தவணைக்குப் பேர்போனது. சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம் உறவினர் பலர் அதில் வாங்கியிருப்பார்கள். தாய்க்கடை 2004 கடைசியில் பிரிட்டனில் வீழ்ந்தது. அதே நாட்டில் 1964ல் தொடங்கி, பிரித்து அடுக்கிய பலகைச் சாமானைப் பெட்டியில் மலிவாக விற்ற எம்.எஃப்.ஐ. 2008ல் மூடியது. தவணையும் மட்டும் போதாது, மலிவும் மட்டும் போதாது என்பதே என் முடிவு. விற்ற பொருளுக்குப் பிறகும் பொறுப்பேற்கிற கைதான் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவே நிற்கிறது. அந்தக் கையை வெட்டிக்கொண்ட கடை, தன்னைவிட மலிவான அடுத்த கடைக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

இங்கே அன்பர்கள் கேட்கலாம்: “கடை போனால் போகட்டும். எங்களுக்கு என்ன? நாங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு வீடு மாறுகிறவர்கள். தேக்குக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா?” நியாயமான கேள்வி. இலேசான சாமான் வாங்குகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் மகளின் பெங்களூர்க் குடியிருப்புக்குச் சாப்பாட்டு மேசை ஆன்லைனில்தான் வாங்கினோம். தேர்ந்தெடுத்துக் கொடுத்தவனும் நானே! இரண்டு வருடத்தில் அதன் ஒரு மூலை உப்பிவிட்டது. சரிசெய்ய யாரைக் கூப்பிடுவது என்று அவள் கேட்கிறாள், எனக்கும் தெரியவில்லை.

நான் கவலைப்படுவது இரண்டு விஷயங்களுக்காக. ஒன்று, கைத்தொழில். துளையில் நாக்கைப் புகுத்தி மர ஆணி அடித்துக் கட்டிலை நிறுத்தத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கடைப் பட்டறைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. பையனாக வந்து உளி தீட்டி, பத்து வருடத்தில் ஆசாரியாகிப் போவான். பட்டறையை மூடிய அன்று ஒன்பது பேரின் வேலையை மட்டும் நாங்கள் மூடவில்லை. அவர்களுக்குப் பின்னால் வரவேண்டியவர்களின் வழியையும் மூடினோம்.

இரண்டாவது, நம்பிக்கை. இன்று சாலையில் மூட்டை தூக்குகிறவர்களில் வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறையப் பேர். 1953ல் என் அப்பா நின்ற இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கட்டிலை நம்பிக் கொடுக்க இன்று யார் இருக்கிறார்கள்? கைப்பேசியில் கடன் கிடைக்கிறது. வேலை போன மாதம் அது காத்திருக்காது. “மகள் பிரசவம், அடுத்த மாதம்” என்று எழுதிக்கொள்ள அதற்குத் தெரியாது. தொட்டிற்கட்டிலைத் திரும்ப எடுத்துவந்ததற்காக ஓர் இரவு பட்டினி கிடக்கவும் அதற்குத் தெரியாது.

மூடிய கடைகளைத் திறக்கச் சொல்ல எனக்கு உரிமையில்லை. நாம் செய்யக்கூடிய சிறு காரியங்கள் உண்டு. பெற்றோர் வீட்டைக் காலி செய்கிறபோது மரச்சாமான்களை எடைக்காரரிடம் கொடுக்கும் முன் ஓர் ஆசாரியைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஓர் அலமாரியின் பலகை இரண்டு சிறிய மேசைகளாகும். இன்றைய வீட்டுக்கு ஏற்றபடி சிறிதாக்கலாம். கூலி அதிகம் கேட்கிறார் என்று பேரம் பேசாதீர்கள். நாங்கள் குறைத்துக் கொடுத்த கூலிதான் அவர்கள் பிள்ளைகளை வேறு வேலைக்கு அனுப்பிற்று. கடை நடத்துகிற நம் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பழுதுபார்ப்பில் நஷ்டம் என்று கணக்குப்பிள்ளை சொன்னால், பழுதுபார்க்க வந்தவர்கள் அடுத்த வருடம் என்ன வாங்கினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். அன்று யாராவது என்னை அப்படிக் கேட்டிருக்கலாம்.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். நம் இதழில் ஒரு பக்கத்தின் கால்பகுதியை ஒதுக்கி, இந்த ஊரில் கட்டில் பொருத்தவும், பிரம்பு பின்னவும், மெருகு போடவும் தெரிந்தவர்களின் விவரத்தை, அவர்கள் சம்மதத்தோடு, மாதாமாதம் வெளியிட வேண்டும். தமிழர், மலையாளி என்ற பேதம் அதில் வேண்டாம். எங்கள் பின்கட்டில் தமிழ் ஆசாரியும் மலையாள ஆசாரியும் ஒரே பலகையின் இரு முனையைப் பிடித்து அறுத்தவர்கள்தான்.

மதுரைப் பிள்ளையின் கட்டில் என்னாயிற்று என்று கேட்பீர்கள். விசாரித்து விசாரித்து, 2000ல் நான் கணக்குத் தீர்த்து அனுப்பிய ஆசாரி ஒருவர் நேமம் பக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தேன். போய் நிற்கவே கூச்சமாக இருந்தது. “வாங்க பிள்ளைவாள், உட்காருங்க” என்றார். பழையதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது; கை நடுங்குகிறது. ஆனாலும் மறுநாளே உளியோடு வந்தார். விட்டுப்போன காலில் முறிந்த நாக்கைச் செதுக்கி எடுத்து, புதிதாக ஒரு துண்டு தேக்கை இறக்கிப் பொருத்தினார். அந்தப் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்து விளக்குப் பிடித்தார். இரண்டு நாளில் கட்டில் நின்றது.

கூலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆசாரி என்னிடம் கேட்டார்: “கத்துக்க யாராவது வருவாங்களா? இன்னும் ரெண்டு மூணு வருஷம் சொல்லிக்கொடுக்க என்னால் முடியும்.”

வர விருப்பமுள்ள பிள்ளைகள் இருந்தால் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நேமத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.